சாப்பாடு நெஞ்சில் நிற்கிறதா? வாய்வழியாகவே செய்யப்படும் 'போயம்' சிகிச்சை எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது?

ஒரு வாய் சோறு நெஞ்சுக்குள் நின்றுவிடுகிறது. தண்ணீர் குடித்துத் தள்ளினால்தான் இறங்குகிறது. சில நாள்களில் அந்தத் தண்ணீரும் இறங்குவதில்லை.

"கேஸா இருக்கும்", "அவசர அவசரமாச் சாப்பிட்டா அப்படித்தான்", "வயசாயிடுச்சுல்ல"... வீட்டில் இப்படித்தான் சொல்வார்கள். மருந்துக்கடையில் நெஞ்செரிச்சல் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்ப்போம்.

பலருக்கு அது அமிலப் பிரச்சினையாகவே இருக்கும். மாத்திரை கேட்கும். ஆனால் சிலருக்கு மாதக்கணக்கில் போட்டாலும் ஒரு மாற்றமும் தெரியாது. காரணம், அவர்களுடைய பிரச்சினை நேர் எதிரானது.

அமிலம் மேலே ஏறுகிறது என்றால், உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் இடையிலுள்ள கதவு சரியாக மூடவில்லை என்று பொருள். இவர்களுக்கோ அந்தக் கதவு திறப்பதே இல்லை. அந்த நோயின் பெயர் 'அக்கலேசியா'.

வெளியில் ஒரு தழும்புகூட இல்லாமல், வாய்வழியாகவே உள்ளே சென்று அந்தக் கதவைத் திறந்துவிடும் சிகிச்சை இன்று இருக்கிறது. அதன் சுருக்கப் பெயர் 'போயம்'. சிங்கப்பூர் மருத்துவமனைகளிலும் அது செய்யப்படுகிறது.

அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்துவிட்டதா? பாதி தீர்ந்தது என்று சொல்லலாம். மீதிப் பாதி என்ன என்பதைப் பார்ப்போம்.

அக்கலேசியா என்றால் என்ன?

நாம் விழுங்கும் சாப்பாடு தானாக வயிற்றுக்குள் விழுவதில்லை. உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். பற்பசையைப் பிதுக்குவதுபோல் அது மேலிருந்து கீழாகச் சுருங்கிச் சுருங்கி உணவைத் தள்ளுகிறது.

குழாயின் அடியில் ஒரு வளையத் தசை இருக்கிறது. மற்ற நேரத்தில் அது இறுக மூடியிருக்கும். விழுங்கும்போது மட்டும் தளர்ந்து வழிவிடும். பிறகு மறுபடியும் மூடிக்கொள்ளும்.

தளரச் சொல்லும் கட்டளையைக் கொடுப்பவை உணவுக்குழாயின் சுவருக்குள் இருக்கும் நரம்பு அணுக்கள். அக்கலேசியாவில் அந்த அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகின்றன. பெரும்பாலானோருக்கு ஏன் அப்படி நடக்கிறது என்பது இன்னும் தெளிவாகவில்லை. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே அவற்றைத் தாக்குகிறது என்பது பரவலான கருத்து.

விளைவு இரண்டு:

- வளையத் தசை தளர்வதில்லை. வாசல் மூடியே கிடக்கிறது.
- குழாய் ஒழுங்காகச் சுருங்கித் தள்ளுவதும் நின்றுபோகிறது.

இந்த இரண்டாவது விளைவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது முக்கியமாகிறது.

உணவு வயிற்றுக்குப் போகாமல் குழாயிலேயே தேங்குகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் குழாய் ஊதிப் பெருக்கிறது. 'அக்கலேசியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கே 'தளராமை' என்றுதான் பொருள்.

எத்தனை பேருக்கு வருகிறது?

இது அரிய நோய். உலக அளவில் ஆண்டுக்கு 100,000 பேரில் சுமார் ஒருவருக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது. ஆண், பெண் வேறுபாடு இல்லை. எந்த வயதிலும் வரலாம்.

1999இல் வெளிவந்த சிங்கப்பூர் ஆய்வு ஒன்று, இங்கு ஆண்டுக்கு 100,000 பேரில் சுமார் 0.3 பேருக்கு அது கண்டறியப்படுவதாகக் கூறியது. ஆனால் இன்று பயன்படுத்தப்படும் துல்லியமான அழுத்தச் சோதனை அப்போது புழக்கத்துக்கு வரவில்லை. அந்தச் சோதனை பரவிய நாடுகளில் கண்டறியப்படுவோரின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

உலக விகிதத்தை 6 மில்லியன் மக்கள் வாழும் சிங்கப்பூருக்குப் பொருத்திப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 60 பேர். இது தோராயக் கணக்குதான். ஆனால் ஒன்று புரிகிறது: ஒரு பொது மருத்துவர் தம் வாழ்நாள் முழுவதும் ஓரிரு அக்கலேசியா நோயாளிகளை மட்டுமே பார்த்திருக்கக்கூடும். நெஞ்செரிச்சலோடு வருபவர்களையோ அன்றாடம் பார்க்கிறார்.

ஏன் கண்டுபிடிக்க இவ்வளவு தாமதம்?

ஜெர்மனியில் 87 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 1997இல் வெளியானது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் உறுதிசெய்யப்படும்வரை சராசரியாக 4.7 ஆண்டு ஆகியிருந்தது.

அவர்களுக்கு விசித்திரமான அறிகுறிகள் எதுவும் இல்லை. வழக்கமான அறிகுறிகள்தான். அவற்றை வேறு ஏதோ நோய் என்று எடுத்துக்கொண்டதுதான் தாமதத்துக்குக் காரணம் என்று ஆய்வு கூறியது.

குழப்பம் எங்கே வருகிறது? தேங்கிய உணவு புளித்துப்போனால் நெஞ்சு எரியும். படுத்தால் மேலே வரும். நெஞ்சு வலிக்கும். அமிலப் பிரச்சினையிலும் இதே மூன்றும் உண்டு. இரவில் இருமல் வந்தால் ஆஸ்துமா என்று நினைக்கலாம். எடை குறைந்து, சாப்பாட்டைக் கண்டாலே தயங்கினால் மன உளைச்சல் என்று நினைக்கலாம்.

நோயாளிகளும் தங்களை அறியாமலே சமாளிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர். நிமிர்ந்து உட்கார்ந்து, கையைத் தூக்கி, தோளைக் குலுக்கி இறக்குவது. ஒரு தட்டு உணவை முடிக்க ஒரு மணி நேரம். கல்யாண விருந்துக்குக் கூப்பிட்டால் ஏதாவது சாக்கு. வேலையிடத்தில் எல்லாரும் உணவங்காடிக்குக் கிளம்பினால், "நீங்க போங்க, எனக்குப் பசிக்கலை."

எந்த அறிகுறிகளைக் கவனிக்க வேண்டும்?

- சோறு, ரொட்டி மட்டுமல்ல. தண்ணீர், காப்பிகூட இறங்கச் சிரமமாக இருப்பது.
- சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்தும் செரிக்காத உணவு அப்படியே வாய்க்கு வருவது. அது வயிற்றுக்கே போகாததால் வாந்தியைப்போல் கசப்பாகவோ கடும் புளிப்பாகவோ இருக்காது.
- காலையில் எழுந்தால் தலையணையில் உணவு அல்லது எச்சில் கறை.
- படுத்தவுடன் இருமல், மூச்சுத்திணறல்.
- காரணம் தெரியாமல் எடை குறைவது.
- நெஞ்செரிச்சல் மாத்திரையைச் சரியாகப் போட்டும் பலன் இல்லாமல் இருப்பது.

முதல் அறிகுறி முக்கியமானது. உணவுக்குழாயில் கட்டி வளர்ந்தால் பொதுவாக முதலில் கெட்டி உணவு சிக்கும். நாள்பட நாள்பட நீராகாரமும் சிக்கத் தொடங்கும். அக்கலேசியாவில் பெரும்பாலும் இரண்டும் ஆரம்பத்திலிருந்தே சிரமம் தரும்.

ஆனால் இதை வைத்து நீங்களாகவே முடிவு செய்துவிடாதீர்கள். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள புற்றுநோய், அக்கலேசியாபோலவே வேடம் போடுவதுண்டு. வயதானவர், சில மாதங்களுக்குள் அறிகுறி முற்றியிருக்கிறது, எடை மளமளவென்று குறைகிறது என்றால் இன்னும் கவனம் தேவை. விழுங்கச் சிரமப்படுவது எந்த வயதிலும் இயல்பான ஒன்றல்ல. மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும்.

சாப்பாடு சிக்கி, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.

என்னென்ன சோதனைகள்?

முதலில் எண்டோஸ்கோப்பி. கேமரா பொருத்திய மெல்லிய குழாயை வாய்வழியாக விட்டுப் பார்ப்பார்கள். கட்டி, புண், தழும்பு ஏதும் இல்லை என்பதை உறுதிசெய்ய அது தேவை.

இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். அக்கலேசியாவின் ஆரம்பக் கட்டத்தில் எண்டோஸ்கோப்பியில் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியலாம். கேமரா குழாயைக் காட்டும். தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் காட்டாது. "ஸ்கோப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்று அதோடு நிறுத்திவிட வேண்டாம்.

அடுத்தது பேரியம் எக்ஸ்ரே. வெள்ளைத் திரவம் ஒன்றைக் குடிக்கச் சொல்லிப் படமெடுப்பார்கள். அக்கலேசியா இருந்தால் குழாய் மேலே அகன்றும் அடியில் கூராகவும், பறவையின் அலகுபோல் தெரியும்.

நோயை உறுதிப்படுத்துவது மூன்றாவது சோதனை: மேனோமெட்ரி எனும் அழுத்தச் சோதனை. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்துவார்கள். நவீனக் கருவிகளில் அந்தக் குழாய் நெடுகச் சுமார் 36 உணர்கருவிகள் இருக்கும். நீங்கள் தண்ணீரை வாய் வாயாக விழுங்குவீர்கள். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்பது வண்ணப்படமாகத் திரையில் தெரியும். மூக்கில் கொஞ்சம் உறுத்தும், குமட்டும். ஆனால் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

அந்தப் படத்தைப் பார்த்து மூன்று வகையாகப் பிரிப்பார்கள். முதல் வகையில் குழாய் அசைவே இல்லாமல் கிடக்கும். இரண்டாம் வகையில் குழாய் முழுவதும் ஒரே நேரத்தில் அழுத்தம் கூடும். மூன்றாம் வகையில் குழாய் ஒழுங்கில்லாமல் இழுத்துப் பிடிக்கும். நெஞ்சு வலி அதிகமாக இருக்கலாம். எந்தச் சிகிச்சை என்பதை முடிவு செய்ய இந்த வகை தெரிய வேண்டும்.

இதுவரை என்ன சிகிச்சை செய்தார்கள்?

நோய் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். திமிங்கல எலும்பின் நுனியில் பஞ்சைக் கட்டி, நோயாளியே ஒவ்வொரு வேளையும் உணவை உள்ளே தள்ளிக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்.

1913இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் ஹெல்லர், இறுகிய தசையைக் கத்தியால் கீறித் திறந்துவிட்டார். அந்த அறுவைச் சிகிச்சை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. 1990களில் அது வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்யும் லேப்பராஸ்கோப்பி முறைக்கு மாறியது. தசையைக் கீறியபின் இரைப்பையின் மேற்பகுதியைக் கொஞ்சம் மடித்துச் சுற்றித் தைப்பார்கள். அமிலம் மேலே ஏறாமல் தடுக்க அது ஒரு தடுப்பு.

இரண்டாவது வழி பலூன். 30 முதல் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள பலூனை வளையத் தசைக்குள் வைத்து ஊதி விரிப்பார்கள். பலருக்கு மறுபடியும் செய்ய வேண்டிவரும். குழாய் கிழிந்துபோகும் அபாயமும் சிறிதளவு உண்டு.

மூன்றாவது போட்டாக்ஸ் ஊசி. முகச் சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்துதான். தசையைத் தளர்த்தும். ஆனால் பலன் பெரும்பாலும் ஓராண்டுக்குள் கரைந்துவிடும். மயக்க மருந்தைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு அது உதவலாம்.

சரி, 'போயம்' எப்படிச் செய்யப்படுகிறது?

2008இல் ஜப்பானின் யோகஹாமா நகரில் மருத்துவர் ஹருஹிரோ இனோவே முதன்முதலாக ஒரு நோயாளிக்கு இதைச் செய்தார். முதல் 17 நோயாளிகளைப் பற்றிய அவரது அறிக்கை 2010இல் வெளியானது. அதன்பின் உலகெங்கும் பரவியது.

பெயரைக் கேட்டால் கவிதை ஞாபகத்துக்கு வரலாம். 'வாய்வழி எண்டோஸ்கோப்பித் தசைக்கீறல்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அந்தப் பெயர்.

உணவுக்குழாயின் சுவரை இரண்டு அடுக்குத் துணிபோல் நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மெல்லிய சவ்வு, வெளியே தசை. அந்த இரண்டு அடுக்குக்கும் நடுவில் சுரங்கம் தோண்டிப் போவதுதான் உத்தி.

1. முழு மயக்க மருந்து கொடுக்கப்படும். எண்டோஸ்கோப் வாய்வழியாக உள்ளே போகும்.
2. அடைப்புக்குப் பல சென்டிமீட்டர் மேலே, சவ்வுக்கு அடியில் சாயம் கலந்த திரவத்தை ஊசியால் செலுத்துவார்கள். சவ்வு உப்பி எழும்.
3. உப்பிய இடத்தில் சுமார் 2 சென்டிமீட்டருக்கு ஒரு கீறல். அதுதான் சுரங்கத்தின் வாசல்.
4. சவ்வுக்கும் தசைக்கும் இடையே வழி உண்டாக்கிக்கொண்டே, இரைப்பையின் மேற்பகுதியை 2 முதல் 3 சென்டிமீட்டர் தாண்டும்வரை செல்வார்கள்.
5. சுரங்கத்துக்குள் இருந்தபடியே இறுகிய தசையை மின்கத்தியால் கீறுவார்கள்.
6. வெளியே வந்து, வாசலைச் சிறு உலோகக் கிளிப்புகளால் மூடுவார்கள்.

கீறிய இடமும் சுரங்கத்தின் வாசலும் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் இதன் சூட்சுமம். தசை வெட்டுப்பட்ட இடத்துக்கு மேல் சவ்வு முழுதாக இருக்கிறது. அதனால் சாப்பாடும் எச்சிலும் நெஞ்சுக்கூட்டுக்குள் கசிவதில்லை.

பொதுவாக ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். சில நாள் மருத்துவமனையில் தங்க வேண்டியிருக்கும். கசிவு இல்லை என்று உறுதிசெய்தபின் முதலில் நீராகாரம், பிறகு கஞ்சிபோன்ற மென்மையான உணவு, அதன்பின் வழக்கமான சாப்பாடு.

சிகிச்சைக்கு முன்பு ஒரு நாளோ அதற்கும் மேலோ நீராகாரம் மட்டும் சாப்பிடச் சொல்வார்கள். அதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். குழாயில் பழைய உணவு தேங்கியிருந்தால், மயக்க நிலையில் அது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது.

பலன் எவ்வளவு? எண்கள் சொல்வது என்ன?

இரண்டு பெரிய ஆய்வுகள் 2019இல் வெளிவந்தன. இரண்டிலும் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது குலுக்கல் முறையில் முடிவானது.

முதல் ஆய்வு போயத்தையும் பலூனையும் ஒப்பிட்டது. நெதர்லந்து, ஜெர்மனி, இத்தாலி, ஹாங்காங், அமெரிக்கா ஆகியவற்றைச் சேர்ந்த 133 நோயாளிகள் கலந்துகொண்டனர். 2 ஆண்டுக்குப் பின் போயத்தில் 92 விழுக்காட்டினருக்குப் பலன் நீடித்தது. பலூனில் 54 விழுக்காடு.

இரண்டாவது ஆய்வு போயத்தையும் ஹெல்லர் அறுவைச் சிகிச்சையையும் ஒப்பிட்டது. ஐரோப்பாவில் 221 பேர். 2 ஆண்டுக்குப் பின் போயம் 83 விழுக்காடு, அறுவைச் சிகிச்சை 81.7 விழுக்காடு. கடுமையான பக்கவிளைவு போயத்தில் 2.7 விழுக்காடு, அறுவைச் சிகிச்சையில் 7.3 விழுக்காடு.

இந்த எண்களைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, 'வெற்றி' என்பதன் பொருள். நான்கு கேள்விகளுக்குப் புள்ளி கொடுக்கிறார்கள்: விழுங்கச் சிரமம், உணவு மேலே வருவது, நெஞ்சு வலி, எடைக் குறைவு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 12. புள்ளி 3 அல்லது அதற்குக் கீழே இருந்து, வேறு சிகிச்சையும் தேவைப்படாமல் இருந்தால் அது வெற்றி. அதாவது நன்றாகச் சமாளிக்கலாம் என்று பொருள். நோய் வருவதற்கு முன்பு இருந்ததுபோல் ஆகிவிட்டது என்று பொருளல்ல.

இரண்டு, பலூனுக்கு 54 விழுக்காடு என்பதைப் பார்த்து அது வீண் என்று எண்ணிவிடக் கூடாது. 2011இல் வெளிவந்த இன்னோர் ஐரோப்பிய ஆய்வில் பலூனின் 2 ஆண்டு வெற்றி 86 விழுக்காடு. அறுவைச் சிகிச்சையின் வெற்றி 90 விழுக்காடு. ஏன் இவ்வளவு வேறுபாடு? அந்த ஆய்வில் அறிகுறி திரும்பினால் மறுபடியும் பலூன் ஊத அனுமதி இருந்தது. 2019 ஆய்வில் தொடக்கத்தில் செய்த விரிப்புக்குப் பின் மீண்டும் சிகிச்சை தேவைப்பட்டால் அது தோல்வியாகக் கணக்கிடப்பட்டது. அடிக்கடி வரத் தயார் என்பவருக்குப் பலூன் இன்னும் ஒரு நல்ல வழிதான்.

கதவு திறந்தாயிற்று... மூடுவது யார்?

இதுதான் விளம்பரங்களில் சிறிய எழுத்தில் வரும் பகுதி.

மூடியே கிடந்த கதவைத் தசையை வெட்டித் திறந்தாயிற்று. இனி அது சரியாக மூடாது. சாப்பாடு கீழே இறங்கும். அமிலம் மேலே ஏறும். ஹெல்லர் அறுவைச் சிகிச்சையில் இரைப்பையை மடித்துத் தைக்கும் தடுப்பு இருக்கிறது. வழக்கமான போயத்தில் அந்தத் தடுப்பு இல்லை.

அதே ஆய்வுகள் இதையும் காட்டின. 2 ஆண்டுக்குப் பின் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்ததில், போயம் செய்தவர்களில் 44 விழுக்காட்டினருக்கு அமிலத்தால் உணவுக்குழாய் புண்பட்டிருந்தது. அறுவைச் சிகிச்சையில் அது 29 விழுக்காடு. பலூனோடு ஒப்பிட்ட ஆய்வில் போயத்துக்கு 41 விழுக்காடு, பலூனுக்கு 7 விழுக்காடு. பெரும்பாலானவை லேசான புண்கள். மாத்திரையில் ஆறக்கூடியவை.

ஆனால் எல்லாருக்கும் நெஞ்சு எரியும் என்று சொல்ல முடியாது. பலருக்கு ஒன்றுமே தெரியாது. "எனக்குத்தான் எரியலையே" என்று மாத்திரையை நிறுத்திவிட்டு, மறுபரிசோதனைக்கும் போகாமல் விட்டால், ஆண்டுக்கணக்கில் புண்பட்ட குழாய் தழும்பேறிச் சுருங்கி மறுபடியும் அடைக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நோய் இன்னதென்று தெரியாத காலத்தில் பலனில்லாமல் விழுங்கிய அதே நெஞ்செரிச்சல் மாத்திரை, சிகிச்சைக்குப் பின் பலருக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது. மாத்திரை மாறவில்லை. அப்போது கதவு மூடியிருந்தது, இப்போது திறந்திருக்கிறது.

இன்னொன்று. முன்பு சொன்ன இரண்டாவது விளைவு ஞாபகம் இருக்கிறதா? வாசலைத் திறக்கலாம். ஆனால் அழிந்த நரம்பு அணுக்களைத் திரும்பக் கொண்டுவர எந்தச் சிகிச்சையாலும் முடியாது. குழாய் முன்போல் தள்ளாது. சாப்பாடு பெரும்பாலும் புவியீர்ப்பினால்தான் இறங்கும். அதனால் நிமிர்ந்து உட்கார்ந்து, மென்று, தண்ணீரோடு சாப்பிடுவது வாழ்நாள் பழக்கமாக இருக்க வேண்டும். சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது.

நீண்டகாலம் அக்கலேசியா உள்ளவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிடச் சற்று அதிகம். சிகிச்சை செய்துகொண்டாலும் மருத்துவத் தொடர்பை விட்டுவிடாதீர்கள் என்பதற்கு அது இன்னொரு காரணம்.

அப்படியென்றால் யாருக்கு எது பொருந்தும்?

முதல் இரண்டு வகைகளுக்குப் பலூன், ஹெல்லர், போயம் மூன்றுமே ஏற்ற சிகிச்சைகள் என்று மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. வயது, உடல்நிலை, மருத்துவமனையின் அனுபவம், உங்கள் விருப்பம் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்யலாம்.

மூன்றாம் வகைக்குப் போயம் கூடுதலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. காரணம், இழுத்துப் பிடிக்கும் தசை குழாயின் மேல்வரை நீளும். வயிற்றுவழி அறுவைச் சிகிச்சையால் அவ்வளவு உயரம் எட்ட முடியாது. வாய்வழியாக வரும் போயத்தால் தேவையான நீளத்துக்குக் கீற முடியும்.

ஏற்கனவே அமிலத்தால் அவதிப்படும் ஒருவருக்கோ, ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுக்க விரும்பாதவருக்கோ, தடுப்போடு கூடிய ஹெல்லர் சிகிச்சை நல்ல தேர்வாக இருக்கலாம். புதிய முறை என்பதாலேயே அது எல்லாருக்கும் சிறந்ததாகிவிடாது.

சிங்கப்பூரில் எங்கே தொடங்குவது?

உங்கள் பொது மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ தொடங்குங்கள். சிங்கப்பூரரும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனையின் நிபுணரைப் பார்க்கச் சென்றால் மானியக் கட்டணத்தில் சிகிச்சை பெற முடியும். தனியார் நோயாளியாக நேரடியாகச் சென்றால் அந்த மானியம் கிடைக்காது.

மருத்துவமனையில் தங்கிச் செய்யும் சிகிச்சைகளுக்கு மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியையும் மெடிசேவ் சேமிப்பையும் பயன்படுத்தலாம். இரண்டுக்கும் வரம்பு உண்டு. தேதி குறிப்பதற்கு முன்பு மருத்துவமனையின் நிதி ஆலோசனைப் பிரிவில் மதிப்பீடு கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சைக்குப் பிந்திய மாத்திரை, மறுபரிசோதனைச் செலவையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

மருத்துவரிடம் போகும்போது "நெஞ்செரிச்சல்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்தாதீர்கள். நடப்பதை நடப்பதாகவே சொல்லுங்கள்: "தண்ணிகூட இறங்க மாட்டேங்குது, டாக்டர்." "மத்தியானம் சாப்பிட்டது ராத்திரி அப்படியே வருது." "மூணு மாசத்துல 6 கிலோ குறைஞ்சிட்டேன்." இந்த மாதிரி விவரங்கள்தான் அடுத்த சோதனைக்கு வழிகாட்டும்.

நிபுணரிடம் கேட்கவேண்டிய கேள்விகள்:

- எனக்கு மேனோமெட்ரி சோதனை தேவையா? எண்டோஸ்கோப்பி மட்டும் போதுமா?
- எனக்கு இருப்பது எந்த வகை?
- பலூன், ஹெல்லர், போயம் மூன்றில் எனக்கு எது, ஏன்?
- இந்தச் சிகிச்சையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?
- அமிலம் மேலேறினால் என்ன செய்வோம்? மாத்திரை எத்தனை நாளைக்கு?
- நான் மறுபடியும் எப்போது எண்டோஸ்கோப்பிக்கு வர வேண்டும்?

அம்மா அப்பாவுக்கோ தாத்தா பாட்டிக்கோ துணையாகப் போகிறீர்கள் என்றால், இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெரியவர்கள் பலர் மருத்துவர் முன்னால் "ஒண்ணுமில்லைங்க, கொஞ்சம் கேஸ்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டை முடிக்க அவர்களுக்கு எவ்வளவு நேரமாகிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் நீங்கள்தான். அதை நீங்கள் சொல்லுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்...

போயம் நல்ல சிகிச்சை. தழும்பு இல்லை, தேறிவரும் காலம் குறைவு, பலனும் அறுவைச் சிகிச்சைக்கு நிகரானது. ஆனால் அது செய்வது ஒரே வேலை: அடைத்த வாசலைத் திறந்துவிடுவது.

வாசல் அடைத்திருக்கிறது என்று உரிய காலத்தில் கண்டுபிடிப்பது சிகிச்சைக்கு முந்திய பாதி. திறந்த வாசலைக் காவல் காப்பது பிந்திய பாதி. முந்திய பாதியில் ஓர் அழுத்தச் சோதனையும், பிந்திய பாதியில் மாத்திரையும் மறுபரிசோதனையும் தேவை. அவை தலைப்புச் செய்தியில் வருவதில்லை. ஆனால் ஒருவர் அடுத்த பத்து ஆண்டு நிம்மதியாகச் சாப்பிடுவாரா என்பது பெரும்பாலும் அவற்றைப் பொறுத்தே இருக்கிறது.

உங்கள் வீட்டில் யாராவது சாப்பாட்டு மேசையில் எப்போதும் கடைசி ஆளாக, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா? "மெதுவாச் சாப்பிடுறது அவர் பழக்கம்" என்று விட்டுவிடாமல், எப்போதிலிருந்து அப்படி என்று இன்றே கேட்டுப் பாருங்கள்.